அமுதத்துக்கு வைத்த மணி

மின்துறையில் பொறியாளன் என்று சொல்லிக்கொள்வதில் நடராசனுக்குப் பெருமை. குரும்பகரத்தில் அவன் வீட்டு மாடித் தொட்டி மட்டும் அந்தப் பதவியை மதிக்கவில்லை. அம்மா அமுதம் மோட்டாரைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். தொட்டி நிரம்பி, பக்கத்து வீட்டு அஞ்சுகம் கொல்லையில் காயப்போட்ட புழுங்கல் நெல்லில் கொட்டும். அஞ்சுகம் தெரு அதிர ஏசுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் ஒருநாள், "அவிச்ச நெல்லு நனைஞ்சா மொளைக்கவா போவுது, நாறித்தான் போவும்! இன்னொரு தடவை கொட்டுச்சு, குழாயைப் புடுங்கி எறிஞ்சிடுவேன்" என்றாள்.

நடராசன் படித்த படிப்பையெல்லாம் இறக்கினான். வாய் அடைத்த எண்ணெய் டின் ஒன்றைத் தொட்டியில் மிதக்கவிட்டான். தண்ணீர் ஏறினால் டின் ஏறும். அதன் கம்பி இரண்டு தகடுகளைச் சேர்த்து அழுத்தும். அடுப்படிச் சுவரில் மணி அடிக்கும்.

மறுநாள் அடித்தது. மணிக்கு நேர் கீழே அமுதம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவளும் உருவிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் கொட்டியது.

சத்தம் போதவில்லை என்று முடிவுகட்டினான். பெரிய மணி மாட்டினான். பேட்டரிக் கட்டைகளை மாற்றினான். ஒயரை அங்குலம் அங்குலமாக மீட்டர் வைத்துச் சோதித்தான். இப்போது மணி அடித்தால் கோயில் குருக்களே எட்டிப்பார்த்தார். அம்மா பார்க்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அஞ்சுகம் கேட்டாள்: "ஏந்தம்பி, மணி நல்லாத்தான அடிக்குது. இன்னும் என்னத்த நோண்டுற?"

"அம்மாவுக்குக் கேக்கலையே, சித்தி."

"ஒங்கம்மாவுக்கு எதுதான் கேக்குது? தெருவுக்கே தெரியும். பின்ன, நான் என்ன சண்டைக்கா தொண்டை கிழியக் கத்துறேன்? அவ காதுல விழட்டும்னுல்ல கத்துறேன்!"

அவன் சோதிக்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.

அம்மா எதிரே போய் உட்கார்ந்தான். "ஏம்மா சொல்லல?"

"பேசுறப்ப ஒன் வாயைப் பார்த்தா எனக்குப் புரியும். நீதான் எப்பவும் ஒயரைப் பார்த்துப் பேசுற."

காதுக் கருவி வாங்கித் தந்தான். இரைச்சல் தாங்கவில்லை என்று அதை அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டாள். மணியைக் கழற்றி, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் பல்பை ஒரு பலகையில் வைத்து அடுப்புக்கு நேரே பொருத்தினான். அமுதம் அதன் பலகைக்குக் குங்குமம் வைத்தாள். பல்ப் எரிந்ததும் கை கழுவி, கண்மூடிக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்ட பிறகே மோட்டாரை நிறுத்தப் போனாள். அதற்குள் நெல் நனைந்தது.

பக்தியைக் கணக்கில் சேர்க்காத பொறியாளன் மறுபடி மாடி ஏறினான். கும்பிடும் நேரத்துக்கும் சேர்த்து, பல்ப் முன்கூட்டியே எரியும்படி டின்னின் கம்பியை நீட்டினான். அதற்குப் பிறகு நெல் காய்ந்தது.

எண்பத்தெட்டு மாசியில் அமுதம் இறந்தாள். கருமாதியன்று நடராசன்தான் மோட்டாரைப் போட்டான். பல்ப் எரிந்ததும் நிறுத்தினான். என்னவோ தோன்ற, மாடி ஏறித் தொட்டியைப் பார்த்தான். தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது.

"ரொம்பிடுச்சா தம்பி?" கீழேயிருந்து அஞ்சுகம் கேட்டாள், அவளுக்கே பழக்கமில்லாத மெல்லிய குரலில்.

"இல்ல சித்தி. கொஞ்சம் கொறையுது."