நொண்டி நடந்த ஆசந்தி

இந்த வருடம் பெரிய வெள்ளிக்கு எங்கள் கோயில் ஆசந்திக்குச் சக்கரம் பூட்டிவிட்டார்கள். சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவரின் திருவுடலைக் கிடத்திக் கொண்டுபோகும் பாடைக்குத்தான் ஆசந்தி என்று பெயர். அதற்கு றப்பர்ச் சக்கரம்! பூசிய கிறீஸ் சாம்பிராணியையும் மீறி மணத்தது. வந்த கோபத்தில், ஆண்டவர் பட்ட பாடுகளைச் சொல்லும் பசாம் பாட்டு ஒன்றும் என் காதில் ஏறவில்லை. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

கிறீஸ் மணத்தால் எனக்கு வள்ளத்து மெஷின் ஞாபகம் வரும். மெஷின் என்றால் சூசை அண்ணை. ஒரே வள்ளத்தில் மீன்பிடித் தொழில் செய்தோம். கோபக்காரர், என்னைவிடவும். அவருடைய தோளில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு காய்ப்பு இருந்தது. ஆசந்தி தூக்கி வந்தது என்பார். பொய். வருடத்தில் ஒரு நாள் தூக்கினால் காய்ப்பு வருமா? வலையும் மெஷினும் சுமந்து வந்தது அது. ஆனால் எங்கள் ஊர் குருநகரில் ஒருவரும் அவர் சொன்னதை மறுக்கவில்லை. எங்கள் தோள்களிலும் அப்படி ஒன்று இருந்தது. நாங்களும் அதே பொய்யைத்தான் பெருமையாகச் சொல்லித் திரிந்தோம்.

பிறகு மிதிவெடியில் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. பொய்க்கால் பூட்டினார். அடுத்த தவக்காலத்தில், ஆசந்தி தூக்கும் எட்டுப் பேரும் கோயில் வளவில் கூடியபோது, வழமைபோல முன்வரிசையில் வந்து நின்றார். நாங்கள் நிலத்தைப் பார்த்தோம். கோயில் சபைக்காரர் ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

“அண்ணை, இந்த முறை நீங்கள் பக்கத்திலை நடந்து வாங்கோ. நீங்கள் சாஞ்சால் ஆசந்தியும் எல்லோ சாயும். ஆண்டவற்றை திருவுடல் நொண்டிக்கொண்டு போறது வடிவில்லை.”

சூசை அண்ணை அவரை மேலும் கீழும் பார்த்தார். “சிலுவையோடை மூண்டு தரம் விழுந்து எழும்பினவர் பின்னை என்னெண்டு நடந்தவர்? ஆமிக்காரர் மாதிரிப் பரேட்டோ அடிச்சவர்?”

ஆனால் சபைக்காரர் சொன்னதும் பொய்யில்லை. பொய்க்கால் ஊன்றும்போது அண்ணையின் தோள் ஒரு சாண் இறங்கும். மரத்தில் செய்த உடல்தான். ஆனாலும் அது விழுந்தால் எங்களுக்கு ஆண்டவரே விழுந்த மாதிரி. அண்ணையைத் தள்ளி வைத்தாலோ, அவர் பிறகு கோயில் வாசலை மிதிக்கமாட்டார்.

மனுவல் என்று ஒரு பகிடிக்காரன் இருந்தான். ஆசந்தி தூக்க உயரம் காணாதவன். அடுத்த நாள் பின்னேரம் நாலைந்து பேர் உட்காரும் நீள மர வாங்கு ஒன்றைக் கடற்கரைக்குக் கொண்டுவந்து, அதில் மல்லாந்து படுத்தான்.

“தூக்குங்கோடா. நான்தான் பிரேதம்.”

தூக்கினோம். வாங்கு அண்ணையின் பக்கம் சாய, கொஞ்சத் தூரம் போகமுன் மனுவல் கரைத் தண்ணீருக்குள் கிடந்தான். உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டே கத்தினான்: “எருமையள்! அண்ணை இறங்கேக்கை நீங்களும் இறங்குங்கோவன்! ரெண்டு பக்கமும் ஒண்டாய் இறங்கிற வள்ளம் கவிழுமோ?”

அதுதான் வழி. அண்ணையின் இடது கால் ஊன்றும்போது நாங்கள் ஏழு பேரும் இடது முழங்காலை மடித்தோம். நல்ல கால் உள்ளவர்கள் நொண்டப் பழகினோம். பழகி முடியுமுன் மனுவல் இன்னும் சில தரம் குளித்தான்.

பெரிய வெள்ளியன்று ஆணி கழற்றி, கைகளை மடித்து, திருவுடலை ஆசந்தியில் கிடத்தினார்கள். தூக்கினோம். இறங்கி ஏறி, இறங்கி ஏறி, அலையில் வள்ளம் போவதுபோல அது போனது. ஒரு பக்கமும் சாயவில்லை. மேலே வைத்த பூ ஒன்றுகூட விழவில்லை. சந்தியில் திரும்பும்போது பின்னால் பார்த்தேன். எங்கள் காலைப் பார்த்து நடந்த சனமும் தன்னை அறியாமலே நொண்டிக்கொண்டு வந்தது. பங்குச் சுவாமியாரும்தான். சபைக்காரரும்தான்.

நாங்கள் எல்லோரும் கிறிஸ்துவின் உடல் என்று பிரசங்கத்தில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். தலைக்குள் ஏறியதில்லை. அன்றைக்கு முழங்காலில் ஏறியது.

சூசை அண்ணை செத்த பிறகும் அப்படியே தூக்கினோம். புதிதாகத் தோள் கொடுக்க வந்தவர்கள் அதுதான் ஆதிகாலத்து முறை என்று நினைத்தார்கள். நாங்கள் திருத்தவில்லை.

இப்போது சக்கரம். இந்த வருடம் திருவுடல் ஆடாமல் அசையாமல் போனது. வடிவுதான், இல்லையென்று சொல்லவில்லை. பின்னால் நடந்த எனக்கு இடது முழங்கால் தன்பாட்டில் மடிந்தது. பக்கத்தில் வந்த மனுவலின் மகள் என் கையைப் பிடித்தாள்.

“என்ன மாமா, கால் நோகுதோ?”

“நோகேல்லைப் பிள்ளை. உதுதான் எங்கடை நடை.”

அவளுக்கு விளங்கவில்லை. அவ்வளவு சனத்துக்குள்ளும் நொண்டியது நான் ஒருவன்தான்.