பள்ளியின் வரலாற்றிலிருந்து நான் எடுத்த வரி

அந்த வரியை நான் ஏன் எடுத்துவிட்டேன்? இரண்டு மாதமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிடைக்கும் பதில் எதுவும் மறுநாள் காலை வரை நிற்பதில்லை.

போடிக்கும் சிலமலைக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். அதன் பள்ளிக்கூடத்துப் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிய வகுப்பறைகள் கட்டுவதா, பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கும்படி அரசுக்கு எழுதுவதா என்று ஊருக்குள் சண்டை. என் மகள் அங்கே மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். போன மழையில் ஓர் ஓடு அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் விழுந்தது. அன்றிலிருந்து அவளை அனுப்பிவிட்டு ஒரு நாளும் நான் நிம்மதியாகச் சோறு வடித்ததில்லை. இடித்தால் நல்லது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி, ஒரு பக்கமாகப் பேச முடியாது. வரலாறு எம்.ஏ. படித்தவள் என்று என்னைத் தலைவியாக்கினார்கள். எதிர்த்துப் பேசமாட்டேன் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சின்னமாக்க வேண்டும் என்று நின்றவர்கள் முன்னாள் மாணவர்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். என் கணவர் அவர் கடையில்தான் காய் தரம் பிரிப்பதை மேற்பார்க்கிறார்.

கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். மற்ற நாட்களில் பாதித் தாய்மார்கள் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி மலைத் தோட்டங்களுக்கு ஏலக்காய் எடுக்கப் போய்விடுவார்கள்.

"சின்னமாயிருச்சுன்னா ஒரு ஆணி அடிக்கக்கூட மேல எழுதிக் கேக்கணும் சார். அதுவரைக்கும் ஓடு காத்துக்கிட்டு இருக்குமா?" என்றார் தலைமையாசிரியை.

"பின்னாடி இம்புட்டு எடம் சும்மாதான டீச்சர் கெடக்கு? அங்க கட்டுங்க. நாங்க உக்காந்து படிச்ச எடத்த எதுக்கு இடிக்கணும்?" என்றார் பெரியவர்.

ஜீப்பில் போகும் பெண்களில் ஒருத்தி எழுந்தாள். அவள் மகளும் என் மகளும் ஒரே பெஞ்சு. சாயங்காலம் ஜீப் மலையிறங்கி வரும்வரை அந்தப் பிள்ளை என் வீட்டில்தான் இருக்கும்.

"நீங்க உக்காந்து படிச்சீங்கய்யா. எங்கப்பா நின்னுக்கிட்டுல்ல படிச்சாரு. அந்தா, அந்த மேக்குச் சன்னலுக்கு வெளிய. சிலேட்டப் படியில வச்சுட்டுத் தள்ளி நிக்கணுமாம். வாத்தியார் தொடாமப் பாப்பாராம். மழ பெஞ்சா எங்கப்பாவுக்கு மட்டும் லீவு. குடுத்து வச்ச மனுசன்!"

பெண்கள் சிலர் சிரித்தார்கள்.

"அப்ப இடிச்சுப்புடலாம்ங்கிறியா?" என்று கேட்டார் பெரியவர்.

"எதுக்கு இடிக்கணும்? இடிச்சா அவரு நின்ன எடமும்ல சேந்து போயிரும். கட்டடத்த வைங்க. இதையும் எழுதி வைங்க. எழுதுனா நாங்க அம்புட்டுப் பேரும் கையெழுத்துப் போடுறோம்."

"எழுதிருவோம் ஆத்தா, அதுக்கென்ன" என்றார் அவர்.

சின்னமாக அறிவிக்கக் கேட்டு விண்ணப்பிப்பது என்று முடிவானது. அதோடு சேர்க்க வேண்டிய வரலாற்றை எழுதும் வேலை எனக்கு வந்தது. அவளுடைய அப்பாவைப் போய்ப் பார்த்தேன். "ஆமா, நாலு பேரு நின்னோம்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. "உள்ளே அனுமதிக்கப்படாத பிள்ளைகள் மேற்குச் சன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்டனர்" என்று எழுதினேன். அன்று சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப் போக வந்தவளிடம் வாசித்துக் காட்டினேன். வாசலில் நின்றே கேட்டாள். "சரியாத்தான் இருக்கு யக்கா" என்று தனித்தாளில் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் மற்ற பெண்களும் போட்டார்கள்.

அந்த வாரமே பெரியவர் வீட்டுக்கு வந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்க தாயி. இந்த ஒண்ணு மட்டும் வேணாம். எந்த ஊர்லதான் நடக்கல? பெருமையச் சொல்ற எடத்துல இத எதுக்குச் சொல்லிக்கிட்டு?"

நான் கணவரைப் பார்த்தேன். "ஒரு வரிதான? வெரசா மாத்திக் குடு, அண்ணன் கெளம்பணும்ல" என்றார்.

அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதினேன். வரியை எடுத்ததும் அந்த இடம் வெறிச்சென்று தெரிந்தது. அதை நிரப்ப, "சுற்றுவட்டாரப் பிள்ளைகள் அனைவருக்கும் வேறுபாடின்றிக் கல்விக் கண் திறந்தது இப்பள்ளி" என்று சேர்த்தேன். அதை எழுதும்படி பெரியவர் சொல்லவில்லை. கணவரும் சொல்லவில்லை.

கணவரின் வேலைக்குப் பயந்தேன் என்று சொல்லிப் பார்க்கிறேன். ஒரு வரிக்காக அவரை வேலையை விட்டு அனுப்பியிருக்கமாட்டார்கள். விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும் என்று பயந்தேனா? அந்த வரியால் விண்ணப்பத்துக்கு வலுதான் கூடியிருக்கும், படித்த எனக்கு அது தெரியாதா? என் மாமனார் அதே சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து படித்தவர். அதனால்தானா? அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. இப்போதெல்லாம் அவள் பிள்ளைக்கு ஒரு தோசை கூடுதலாக வைக்கிறேன். என்னைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த மாதம் அதிகாரிகள் கட்டடத்தைப் பார்க்க வருகிறார்கள். பெற்றோர் முன்னால் அந்த வரலாற்றை வாசிக்க வேண்டுமாம். நேற்று பிள்ளையைக் கூட்டிப் போக வந்தவள் சொன்னாள்:

"அன்னைக்கி நான் மலைக்குப் போகல யக்கா. அப்பாவையும் கூட்டியாறேன். நீயே வாசிச்சிரு. ஒன் வாயால கேட்டா அவருக்குச் சந்தோசமா இருக்கும்."

"சரி" என்றேன்.

நான் எடுத்த வரியை அன்று வாசித்தால், அதிகாரியின் கையில் இருக்கும் தாளில் அது இருக்காது. பெரியவரும் என் கணவரும் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். தாளில் உள்ளதை வாசித்தால், அவள் அப்பாவின் முன்னால் நின்று "வேறுபாடின்றி" என்று நான் சொல்ல வேண்டும். முன்பே அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டால், அவள் கையெழுத்தைத் திரும்பக் கேட்பாள், பிள்ளையை என் வீட்டுக்கு அனுப்பமாட்டாள். இரண்டுக்கும் அவளுக்கு உரிமை உண்டு.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். அவள் இடத்தில் இருந்தவர்கள் யாராவது உங்களில் இருந்தால், நான் என்ன செய்தால் கொஞ்சமாவது பொறுத்துக்கொள்வீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.