கல்வேலிக்கு அப்பால் ஒரு நேயர்

எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் இப்போது நான்கு நாடுகளில் வாழ்கின்றார்கள். கைத்தொலைபேசியில் அவர்களுக்கென ஒரு குழு உண்டு; அதில் என்னையும் சேர்த்து வைத்திருக்கின்றார்கள். சென்ற மாதம் அக்குழுவில் இரண்டு நாட்களாக ஓயாத வழக்கு. அவர்கள் எல்லோரும் பார்க்கின்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றில், பத்துப் பாகங்களாக எவருக்கும் எதனையும் விட்டுக்கொடாத மாமியார் ஒருவர், பதினோராம் பாகத்தில் மருமகளின் தலையைத் தடவி அழுதுவிட்டாராம். "அந்த மனுசி அப்பிடிச் செய்யாது, எழுதினவை பிழை விட்டிட்டினம்" என்றது ஒரு கட்சி. "ஏன் செய்யக்கூடாது?" என்றது மறு கட்சி. ஈற்றில் என் தங்கையின் மகள், "பெரியம்மா, நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கோ" என்று எழுதினாள்.

நான் மறுமொழி எழுதவில்லை. இதே வழக்கில், ஒன்பது வயதில், நான் ஒருமுறை தீர்ப்புச் சொல்லியிருக்கின்றேன். அத்தீர்ப்பில் எள்ளளவும் பிழை இருக்கவில்லை. கேடு விளைந்ததும் அதனாலேதான்.

அப்போது நாங்கள் நெடுந்தீவில் இருந்தோம். அங்கே காணிகளுக்கு ஓலைவேலி கிடையாது. கடலில் கிடைக்கும் முருகைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாந்தின்றி அடுக்கிய கல்வேலிதான். அப்பாவின் நெஞ்சளவு உயரமான அத்தகைய வேலி ஒன்று எங்கள் வளவுக்கும் பெரியப்பாவின் வளவுக்கும் இடையில் நின்றது. பெரியப்பா அப்பாவின் ஒரே தமையன், மனைவியை இழந்தவர், ஒரு வண்டில் மாட்டுடன் தனியே இருந்தார்.

முன்னர் அவ்வேலியில் ஓர் ஆள் போய்வரும் இடைவெளி இருந்தது. நல்ல தண்ணீர்க் கிணறு எங்கள் பக்கம் இருந்தமையால் பெரியப்பா அவ்வழியே வந்து அள்ளிச் செல்வார். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கிவிட, "இது என்ர கிணறு" என்று அப்பாவின் வாயில் ஒரு சொல் வந்துவிட்டது. பெரியப்பா வாளியை எறிந்துவிட்டு, "உன்ர வளவுக்குள்ள இனிக் கால் வைக்கமாட்டன்" என்று சொல்லிப் போய்விட்டார். அடுத்த நாள் இடைவெளி கல்லால் அடைக்கப்பட்டது. அன்றுமுதல் அவர் சைக்கிளில் இரண்டு தண்ணீர்த் தகரங்களைக் கட்டிக்கொண்டு அரை மைல் தூரத்துப் பொதுக் கிணற்றுக்குப் போனார். இவற்றையெல்லாம் நான் வளர்ந்த பின்னரே மாமி சொல்ல அறிந்தேன். மாமி அவ்விருவருக்கும் ஒரே தங்கை, எங்களுடனேயே இருந்தார். இருவரையும் கதைக்க வைக்க மும்முறை முயன்று மும்முறையும் தோற்றவர். சிறுமியாகிய எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பெரியப்பாவுடன் நான் கதைக்கலாம். ஆனால் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வரமாட்டார்.

எங்களிடம் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அதில் ஒரு நகைச்சுவை நாடகம் போகும். ஒரே வீட்டை நடுவே பலகை அடித்துப் பிரித்துக்கொண்டு வாழும் இரு சகோதரர்களின் கதை அது. தகப்பன் விட்டுச் சென்ற சுவர்க் கடிகாரம் எவருக்கு என்பதே பிணக்கு. மூத்தவர் மகா பிடிவாதக்காரர். ஒவ்வொரு கிழமையும் நாடகம் முடியுமுன் பலகையில் தட்டி, "மறியலுக்குப் போனாலும் மன்னிப்புக் கேட்கமாட்டேன், உன் வாசலையும் மிதிக்கமாட்டேன்" என்று சிறைக்கும் அஞ்சாதவராய் முழங்குவார். அவ்வேளையில் எங்கள் முற்றம் முழுவதும் சிரிக்கும்.

முற்றம் என்றால், அப்பா, அம்மா, மாமி, நான், கடற்றொழிலுக்குப் போகும் அயல்வீட்டு அண்ணை ஆகிய ஐவர். ஆறாமவர் ஒருவரும் உண்டு. நாடகம் தொடங்கும் நேரத்தில் கல்வேலியின் இடுக்குகளால் சுருட்டுப் புகை வரத் தொடங்கும். மூத்தவர் முழங்கியவுடன் வேலிக்கு அப்பால் ஒரு செருமல் கேட்கும். அதைப் பற்றி எங்களில் எவரும் எதுவும் பேசுவதில்லை. அப்பா வேம்பின் கீழ் முக்காலியில் பெட்டியை வைத்து, அதன் முகத்தை வேலிப் பக்கமாகத் திருப்பி விடுவார். நாங்கள் பெட்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டு கேட்போம். "இப்பிடி வைச்சால்தான் ஏரியல் இழுக்கும்" என்பது அப்பாவின் விளக்கம். நான் அதனை நம்பினேன்.

எனக்கொரு தனிப் பொறுப்பும் இருந்தது. ஒவ்வொரு கிழமையும் நாடகத்தில் எவர் என்ன சொன்னார் என்பதை ஒரு கொப்பியில் கிழமை இலக்கத்துடன் எழுதி வைத்தேன். எவரும் கேட்டு நான் அதனைச் செய்யவில்லை. சொன்னதைச் சொன்னபடி வைத்திருப்பதில் எனக்கு அந்த வயதிலேயே ஓர் ஆசை.

இருபத்து மூன்றாம் கிழமை அது நடந்தது. நாடகத்தில் இளையவருக்குக் கடுங்காய்ச்சல். மூத்தவர் ஒரு கோப்பைக் கஞ்சியுடன் பலகையைச் சுற்றிக்கொண்டு தம்பியின் வாசலுக்கு வந்தார். "தம்பி, நான் சொன்னது பிழை" என்றார். அத்துடன் நாடகம் முடிந்தது. சிரிப்பு இல்லை. முழக்கமும் இல்லை. உடனே ஏதோ சவர்க்கார விளம்பரம் போனது.

அயல்வீட்டு அண்ணைதான் முதலில் வாய் திறந்தார்.

"இது சரிவராது. நாடகம் எழுதிறவருக்கு இந்தக் கிழமை சுகமில்லைப் போல. மூத்தவர் கஞ்சி கொண்டு போற ஆளோ?"

"ஏன், மூத்தவருக்குக் கை இல்லையோ? ஒரு கோப்பை தூக்க ஏலாதோ?" என்றார் மாமி.

"கை இருக்கு அக்கா. அந்தக் குணம் இல்லை. இருவத்திரண்டு கிழமையாய் மறியல், மறியல் எண்டு கத்தினவர் இண்டைக்குக் கஞ்சியோட நிண்டால் ஆர் நம்புறது?"

"காய்ச்சல் எண்டு கேட்டால் ஆருக்கும் மனம் இளகும்தானே" என்றார் அம்மா.

அப்பா பெட்டியின் முதுகைப் பார்த்தபடி இருந்தார். "அவர் வரமாட்டார்" என்றார். "அந்தாளை எனக்குத் தெரியும்."

நாடகத்து ஆளை அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று நான் எண்ணிக்கொண்டிருக்கையில் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"வருவார்."

மூன்று ஆண்டுகளில் அவ்வேலியைக் கடந்து வந்த முதற் சொல் அதுவே. அம்மா எழுந்து விளம்பரத்தின் சத்தத்தைக் குறைத்தார். மாமி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர், விரலை அப்படியே நிறுத்திவிட்டார்.

அப்பா வேலியைப் பார்க்கவில்லை. வானொலியைப் பார்த்துக் கேட்டார்: "வாறவர் இவ்வளவு நாளும் ஏன் வரேல்லை?"

"கூப்பிட ஆளில்லை."

"காய்ச்சல் வந்தால்தான் வருவாரோ?"

"அது ஒரு சாட்டு. வேறை சாட்டு அந்தாளுக்குக் கிடைக்கேல்லைப் போல."

அயல்வீட்டு அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமி அவரின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

அப்பா முக்காலியின் காலைச் சரிசெய்தார். பின்னர் மெல்லச் சொன்னார்: "இளையவரிலையும் பிழை இருக்கு. என்ர எண்டு சொல்லியிருக்கக் கூடாது."

"மூத்தவர் வாளியை எறிஞ்சதும் பிழைதான்" என்றது வேலிக்கு அப்பாலிருந்த குரல்.

என்னால் பொறுக்க முடியவில்லை. நாடகத்தில் வாளியே இல்லை. இளையவர் "என்ர" என்று ஒருநாளும் சொன்னதில்லை. பெரியவர்கள் இருவர் நாடகத்தைச் சரியாகக் கேட்காமல், இல்லாத ஒன்றை வைத்து விவாதிக்கின்றார்கள். நான் உள்ளே ஓடிக் கொப்பியை எடுத்து வந்து, முற்றத்தின் நடுவில் நின்று, பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு நிற்பதைப் போன்று உரத்த குரலில் வாசித்தேன்.

"ஐந்தாம் கிழமை. மூத்தவர்: மறியலுக்குப் போனாலும் மன்னிப்புக் கேட்கமாட்டேன், உன் வாசலையும் மிதிக்கமாட்டேன். ஒன்பதாம் கிழமை, அதே சொல். பதினான்காம் கிழமை, தாயின் பெயரில் சத்தியம் செய்தார். இளையவர் ஒரு கிழமையும் 'என்ர' என்று சொல்லவில்லை. வாளி ஒரு இடத்திலும் இல்லை." பின்னர் தலையை நிமிர்த்தி, வேலிப் பக்கம் திரும்பிச் சொன்னேன்: "பிழை முழுக்க மூத்தவரிலைதான் பெரியப்பா. சத்தியம் பண்ணினவர் வரக்கூடாது. வந்தால் அது மூத்தவரே இல்லை."

"பிள்ளை வழக்குப் பேசிற அப்புக்காத்தாய் வரும்" என்றார் அயல்வீட்டு அண்ணை.

"ஓம்" என்றார் பெரியப்பா ஈற்றில். "பிள்ளை எழுதி வைச்சிருக்குதெல்லே." பின்னர் அவரின் செருப்புச் சத்தம் தூரப் போவது கேட்டது. கல்லிடுக்கில் புகையும் நின்றது.

வழக்கில் வென்றுவிட்டேன் என்ற பெருமிதத்துடன் நான் திரும்பினேன். மாமி என் கையைப் பிடித்திழுத்தார். "உன்ர கொப்பியைக் கொண்டுபோய் அடுப்புக்குள்ள வை" என்றார். மாமி என்னை ஏசியது அது ஒருமுறைதான். அம்மா கொப்பியை வாங்கி அலுமாரியின்மேல் எனக்கு எட்டாத இடத்தில் வைத்தார். உண்மையைச் சொன்னமைக்குத் தண்டனையா என்று அன்றிரவு உண்ணாமல் படுத்தேன்.

மறுநாள் காலை அப்பா கொப்பியை எடுத்து என் கையில் தந்தார். "நீர் தொடர்ந்து எழுதும், பிள்ளை" என்றார். "நீர் ஒரு பிழையும் விடேல்லை." சொல்லிவிட்டுப் போகாமல், என் தலையில் கைவைத்தபடி சற்று நின்றார்.

அடுத்த ஞாயிறு வேலியில் புகை வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. தம்பியின் காய்ச்சல் மாறியவுடன் நாடகத்து மூத்தவர் பழையபடி முழங்கினார். அயல்வீட்டு அண்ணை, "இப்பதான் சரி" என்று மனம் நிறைந்து சிரித்தார். அப்பா நாடகத்தின் நடுவில் இரண்டு தரம் எழுந்து கிணற்றடிக்குப் போய் வந்தார்.

மூன்றாம் ஞாயிறு அப்பா முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வேலியோடு ஒட்டி வைத்தார். "பற்றரி இறங்கிப் போச்சு. இஞ்சை வைச்சால்தான் கேக்கும்" என்றார். பற்றரி இறங்கினால் பெட்டியை எங்களுக்குக் கிட்டவல்லவா கொண்டுவர வேண்டும்? நான் அதைக் கேட்குமுன் மாமி கதிரைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சென்று வேலியடியில் போட்டுவிட்டார். அன்று நாடகம் பாதியில் இருக்கும்போது சுருட்டுப் புகை வந்தது.

திங்கட்கிழமை காலையில் பார்த்தால், முன்னர் இடைவெளி இருந்த அதே இடத்தில், வேலியின் மேல்வரியில் இரண்டு கற்களைக் காணவில்லை. ஒன்று எங்கள் பக்கமும் மற்றையது பெரியப்பாவின் பக்கமும் இறங்கிக் கிடந்தன. மாடு இடித்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, நான் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று எங்கள் பக்கத்துக் கல்லைத் தூக்கி வைத்தேன். மற்றையதைச் சுற்றிப்போய் எடுத்து வந்து வைத்தேன். முருகைக்கல் விரலைக் கிழிக்கும். அதனையும் பொறுத்துக்கொண்டேன். கொப்பி விடயத்தில் கெட்ட பெயரை இவ்வாறு வீட்டுக்கு உதவி செய்து போக்கலாம் என்பது என் எண்ணம்.

மறு கிழமை நான்கு கற்கள். நான்கையும் அடுக்கினேன். அதற்கடுத்த கிழமை ஒரு வரி முழுவதும் இறங்கியிருந்தது. நான் பெரியப்பாவிடம் போய் முறைப்பாடு செய்தேன்.

"பெரியப்பா, உங்கட மாடு எங்கட வேலியை இடிக்குது."

பெரியப்பா மாட்டைப் பார்த்தார். அது தென்னையில் கட்டியபடி அசைபோட்டுக்கொண்டு நின்றது. "ஓம் பிள்ளை" என்றார். "வரவர அதுக்கு அடக்கமில்லை. நீர் ஏன் கையைக் கிழிக்கிறீர்? கிடந்தபடி கிடக்கட்டும்."

அப்பாவிடமும் சொன்னேன். "மாடு எண்டால் அப்பிடித்தான்" என்றார். "நீர் மினக்கெடாதையும்."

எனினும் நான் விடவில்லை. கிழமைக்கொரு தரம் அடுக்கினேன். கிழமைக்கொரு தரம் அது இறங்கியது. நான் அடுக்குவதிலும் அதிகமாக இறங்கியது. மாடு இடித்த கற்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடப்பதை வேறு வேலிகளில் கண்டிருக்கின்றேன். இவையோ இரு பக்கமும் ஒழுங்காக ஓரம் கட்டப்பட்டிருந்தன. மரியாதையான மாடு என்று வியந்தேன். ஒருநாள் அம்மா என் விரற்காயங்களுக்கு எண்ணெய் பூசினார். அருகில் அப்பாவும் கையை நீட்டினார். அவரின் விரல்களிலும் அதே காயங்கள் இருந்தன. அம்மா எதனையும் கேளாமல் அவற்றுக்கும் பூசினார்.

வேலி அவ்விடத்தில் என் முழங்காலளவுக்கு வந்துவிட்ட ஒரு ஞாயிறு, நாடகம் தொடங்கிச் சிறிது நேரத்தில் தூறல் விழுந்தது. அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு ஓடினார். நாங்கள் கதிரைகளுடன் பின்னால் ஓடினோம். பெரியப்பா வேலிக்கு அப்பால் ஒரு கட்டையில் இருந்தார். இப்போது அவரை இடுப்புவரை காணலாம். அவர் எழுந்தார், தம் வீட்டை நோக்கித் திரும்பினார்.

அப்பா மழையில் நின்றார். வேலியைப் பார்க்காமல், விறாந்தையிலிருந்த வானொலியைப் பார்த்தபடி சொன்னார்:

"நனையாமல் உள்ளுக்கு வந்து கேளுங்கோவன், அண்ணை."

பெரியப்பா முதலில் சுருட்டை அணைத்தார். அணைந்ததா என்று பார்த்தார். பின்னர் சாரத்தைச் சற்று உயர்த்திக்கொண்டு கல்லைக் கடந்து வந்தார். விறாந்தையில் அப்பாவின் கதிரையில் அமர்ந்தார். அப்பா தரையில் அமர்ந்தார். மாமி மழையைப் பொருட்படுத்தாமல் கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளி, செம்பில் வார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். பெரியப்பா அதனை அண்ணாந்து, இடையில் மூச்சு விடாமல் குடித்து முடித்தார். அம்மா தேநீர் வைத்திருக்கும்போது பச்சைத் தண்ணீரை ஏன் கொடுக்கின்றார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மாமி வெறுஞ் செம்பை வாங்கி அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். அயல்வீட்டு அண்ணை எழுந்து, "சத்தமாய் வையுங்கோ அக்கா, மழை இரைச்சல்" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

என் கவலை வேறு. ஒருவரும் நாடகத்தைக் கேட்கவில்லை. நான் மட்டும் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு, என்னால் இயன்றவரை கடமையைச் செய்தேன். அந்தக் கொப்பி பின்னாளில் இடம்பெயர்ந்தபோது எங்கோ போய்விட்டது. எனினும் அன்று எழுதியது சொல்லுக்குச் சொல் நினைவில் இருக்கின்றது:

"முப்பத்தைந்தாம் கிழமை. மூத்தவரின் குடை தொலைந்தது. மழையால் கடைசிப் பகுதி கேட்கவில்லை. மற்றபடி விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை."