மூன்றாவது ஆளின் தண்ணீர்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. பேய் என்றால் நடுராத்திரி, மல்லிகை வாசனை, கொலுசுச் சத்தம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு.

2003. புனேயில் ஔந்த் பக்கம் ஒரு ஃபிளாட். நானும் என் கணவர் நிர்மலும் கோயமுத்தூரிலிருந்து வேலைக்காக வந்தவர்கள். நாயாய் அலைந்து பிடித்த வீடு. இரண்டு பேர் மட்டும்தான் தங்கலாம் என்பது ஓனர் போட்ட கண்டிஷன்.

அங்கே வந்ததிலிருந்து சோப்பு சீக்கிரம் கரைந்தது. நான் அவரைச் சொல்வேன், அவர் என்னைச் சொல்வார். அதோடு விட்டுவிடுவோம்.

பிறகு தண்ணீர் பில் வந்தது. ஃபிளாட்காரர்களின் சொஸைட்டி செகரெட்டரி பெண்ட்சே அதை வைத்து எனக்கு ஹிந்தியில் பாடமே நடத்தினார். மீட்டரில் கறுப்பு எண்கள் யூனிட். ஒரு யூனிட் ஆயிரம் லிட்டர். சிவப்பு எண்கள் லிட்டர். இந்த மாத எண்ணிலிருந்து போன மாத எண்ணைக் கழித்தால் நம் செலவு. ஒரு ஆளுக்கு மாதம் நாலு யூனிட் ஆகுமாம்.

"உங்க வீட்டுக்குப் பன்னெண்டு ஆகியிருக்கு. மூணாவது ஆள் யாரு மேடம்? மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா காலி பண்ணுங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பொய்க்காரி என்று பட்டம் வாங்கவா இத்தனை தூரம் வந்தேன்? எங்கோ குழாய் கசிகிறது என்று அவரிடம் சொன்னேன். அதை நிரூபித்துக் காட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த ஞாயிறு நிர்மல் ஆபீஸுக்குப் போயிருந்தார். எல்லாக் குழாய்களையும் இறுக மூடினேன். கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டேன். மீட்டர்கள் மாடிப்படி ஓரத்தில் இருந்தன. எங்கள் மீட்டர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

அதன் நடுவில் பொட்டு அளவு ஒரு சிவப்புச் சக்கரம். துளித் தண்ணீர் போனாலும் சுற்றும். அது அசையவில்லை.

மணி 2.10. சுற்றியது.

அப்பாடா, கசிவுதான் என்று சந்தோஷப்பட்டேன்.

நின்றது.

கசிவு நிற்காதே...

மறுபடி சுற்றியது. பதினைந்து லிட்டர். ஒரு பக்கெட். நின்றது. பிறகு லேசாக... யாரோ கை கழுவுகிற மாதிரி. பிறகு வேகமாக, நிற்காமல்.

பூட்டிய கதவுக்குப் பின்னால் "சர்ர்ர்..." என்று ஷவர் சத்தம்.

மீட்டருக்குப் பக்கத்து வால்வைத் திருகி மூடினேன். சக்கரம் நின்றது. சத்தமும் நின்றது.

உள்ளேயிருந்து மராத்தியில் ஒரு பெண் குரல்.

"பாணி கேலம் கா?"

தண்ணீர் போய்விட்டதா? குழாய் நின்றால் புனேயில் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். குரலில் கோபமில்லை. வீட்டு மனுஷியிடம் கேட்பது போலத்தான் இருந்தது.

கையிலிருந்த சாவியைப் பார்த்தேன்.

"அகல்யா... பாணி கேலம் கா?"

என் பெயர்.

வால்வைத் திறந்துவிட்டேன்.

சக்கரம் சுற்றியது...

நிர்மல் வரும்வரை படியிலேயே கிடந்தேன். அவர் உள்ளே போய்ப் பார்த்தார். பாத்ரூம் தரை காய்ந்திருந்தது. என் துண்டு மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ஏனுங்க, இந்த வீடு வேண்டாமுங்க."

துண்டைத் தொட்டுப் பார்த்தவர், "பொட்டியக் கட்டு," என்றார்.

புனேயிலேயே விஷ்ராந்த்வாடியில் வேண்டுமென்றே மீட்டர் இல்லாத வீடாகப் பிடித்தோம். தண்ணீர்க் காசு வாடகையிலேயே சேர்த்தி. நிம்மதியாக இருந்தேன்.

ஆறு மாதம் கழித்து பெண்ட்சேயை ஒரு கடையில் பார்த்தேன். சிரித்தார்.

"அங்க ஒரு கசிவும் இல்ல மேடம். அதே வீடு, அதே மீட்டர். புதுசா ரெண்டு பேர் வந்திருக்காங்க, எட்டு யூனிட்தான் ஆகுது. இப்பவாவது சொல்லுங்க, உங்ககூட இருந்த அந்த மூணாவது ஆள் யாரு?"

அடுத்த வாரம் சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்ற ஆள் வந்தார். மெயின் வால்வை மூடச் சொன்னார். முடியாது என்றேன். பீய்ச்சியடித்த தண்ணீரில் நனைந்துகொண்டே மாற்றிவிட்டு, என்னைத் திட்டிக்கொண்டே போனார்.

இன்றுவரை அந்த வால்வை யாரையும் தொடவிட்டதில்லை. மூடினால், உள்ளேயிருந்து அந்தக் குரல் கேட்டுவிட்டால்?