குடைக்கு அழுத ஊர்

முத்தாயி அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னபோது நான் குன்னூர் மார்க்கெட்டில் கேரட் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பையை அங்கேயே விட்டுவிட்டு பஸ் பிடித்து நெல்லியாளம் போனேன். அடக்கம் முடிந்ததும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "இரங்கல் கூட்டத்துல அந்தக் குடை விசயத்த நீங்கதான் சொல்லணும் டீச்சர். நேர்ல பாத்தது நீங்க ஒருத்தர்தானே?" தலையாட்டினேன். கூட்டத்தில் எழுந்து நின்றபோது பேச்சு வரவில்லை. துக்கத்தில் பேச முடியவில்லை என்று நினைத்து உட்காரச் சொன்னார்கள். துக்கம் இருந்தது, பொய் இல்லை. ஆனால் எதைச் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

குடை விஷயம் எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டே கவிதை எழுதியவர் அக்கா. "கொழுந்து எடுக்கையில கைக்குத்தான் வேல டீச்சர், மனசுக்கு லீவு" என்பார். அவரை வெளிநாட்டு இலக்கிய விழா ஒன்றுக்கு அழைத்தார்கள். அவருடைய கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவள் என்பதால் நானும் கூடப் போனேன். அங்கே அவர் ஒரு குடையைப் பற்றிக் கவிதை சொல்ல, அரங்கமே அழுதது. "குடைக்கே அழுகுற சனம்! என்னா எளகின மனசு!" என்று திரும்பி வந்தபின் மேடைக்கு மேடை சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரித்து வைத்தேன்.

நடந்தது வேறு. விழாக்காரர்கள் கேட்டிருந்தது, இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த கையோடு முகாமில் இறந்துபோன அவருடைய தாயைப் பற்றிய கவிதை. அதைத்தான் மொழிபெயர்த்துக் கையில் வைத்திருந்தேன். அன்று காலையிலிருந்தே பார்ப்பவர்கள் எல்லாம் அக்காவின் கையைப் பற்றிக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டார்கள். "என்னா டீச்சர், எழவு வீட்டுக்கு வந்தாப்புல பாக்குறாங்க? நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்று கேட்டார்.

மேடையேறியதும் அக்கா தன் கையிலிருந்த தாளை மடித்து இடுப்பில் செருகிவிட்டு, மனப்பாடமாக வேறொன்றைச் சொன்னார்.

துரையின் குடையைக் காற்று பிடுங்கிப் போய்
காட்டெருமையின் கொம்பில் மாட்டியது.
கூடையோடு குனிந்து
குடைக்கு ஒரு சலாம் வைத்தோம்.
பழக்கதோஷம்.

சொல்லிவிட்டு, சிரிப்பு அடங்காமல் என்னைப் பார்த்தார். ஐந்தே வரி. அங்கேயே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கலாம். இருபது வருஷம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுத்தவள், என்ன கேடு எனக்கு? எதிரே அத்தனை பேரைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. என் தாளில் இருந்த தாயின் சாவை வரிவரியாகப் படித்தேன். அழுதார்கள்.

"இங்கிலீசு ரொம்ப நீளமோ டீச்சர்?" என்று இறங்கி வரும்போது கேட்டார்.

"ஆமாங்க்கா" என்றேன்.

அதை அவர் நம்பினாரா, இல்லை என் மானத்தைக் காப்பாற்ற நம்பியதுபோல் இருந்தாரா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மேடையில் குடையைப் பற்றிச் சொல்லும்போது சில சமயம் என் பக்கம் திரும்பி ஒரு கணம் நிறுத்துவார். பிறகு தொடர்வார். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். ஒரு ஊரே தன் குடைக்கு அழுதது என்ற சந்தோஷத்தைப் பறிக்க நான் யார் என்று தோன்றும். அது பயமா பாசமா என்று கேட்டால், அதுவும் குழப்பம்தான். அக்காவை அறிந்தவர்களுக்கு இப்போது சொல்லிவிட்டேன். ஏச வேண்டுமானால் ஏசுங்கள்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது ஒன்றே ஒன்று. அக்கா தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசைக்குப் பின்னால் துடைப்பத்தோடு நின்ற ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு நம் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. அக்காவின் முகத்தையும் கையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வரும்போது அவளை எனக்குக் காட்டி, "பாவம் டீச்சர், அந்தப் பொம்பளைக்கு மட்டும் ஒண்ணும் வெளங்கல" என்றார் அக்கா.

அதற்கும் ஆமாங்க்கா என்றுதான் சொன்னேன். இல்லை அக்கா, அவளுக்குத்தான் விளங்கியது.