பேச வேண்டிய கட்டாயமில்லை, டீ உண்டு

அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது, சம்பளச் சீட்டில் மட்டும். கல்லூரியில் எல்லோருக்கும் அவள் செய்தியம்மா. வெள்ளிக்கிழமை காலையில் மாணவர்கள் போனில் வந்து விழும் ‘இந்த வாரம் நம் வளாகத்தில்’ என்கிற மடல் அவள் கைவேலை. எந்த அரங்கில் யார் பேசுகிறார்கள், நூலகம் எப்போது பூட்டும், கால்பந்தில் யாரோடு யார் மோதுகிறார்கள், கேண்டீனில் கிடந்த குடை யாருடையது, எல்லாம் அதில் இருக்கும். யாராவது படிக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவளே கேட்பதை விட்டு வெகுகாலம் ஆகிறது.

வேலை என்னவோ கேட்பதற்கு லேசுதான். ஒவ்வொரு துறையும் வியாழன் மத்தியானத்துக்குள் தன் செய்தியை அனுப்ப வேண்டும், இவள் கோத்து அனுப்ப வேண்டும். அனுப்பினால்தானே! வேதியியல்காரர்கள் நாலு பக்கம் அனுப்புவார்கள், அதில் தேதி இருக்காது. நாடகக்குழு தேதி அனுப்பும், இடம் இருக்காது. விளையாட்டு மாஸ்டரோ எதையுமே அனுப்ப மாட்டார். “இதோ அனுப்பிட்டேம்மா, இன்னும் வரலையா?” என்று போனிலேயே வாரக்கணக்கில் ஓட்டுவார். கெஞ்சிக் கெஞ்சி அவள் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

அதனால் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். போன வார மடலைத் திறந்து, அதன் மேலேயே இந்த வாரத்தை எழுதுவாள். வராத செய்திக்கு இடம் பிடித்துவைக்க, வாய்க்கு வந்த எதையாவது ஒரு பெட்டிக்குள் தட்டி வைப்பாள். நிஜச் செய்தி வந்ததும் அதை அழித்துவிடுவாள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். அந்தப் பெட்டிக்குள் அவள் தட்டுவது எப்போதும் ஒன்றேதான்: ‘புதன், மாலை நான்கு மணி. பழைய கட்டடம், மாடி அறை. அலுத்துப்போனவர்கள் வரலாம். சும்மா உட்காரலாம். பேச வேண்டிய கட்டாயமில்லை. டீ உண்டு.’ அது அவளுடைய சொந்த ஆசை, வேறென்ன! ஒரு நாளாவது அப்படி ஒரு அறையில் காலை நீட்டி உட்கார வேண்டும் என்று நினைப்பாள், தட்டுவாள், பிறகு அழிப்பாள்.

மகனும் அதே கல்லூரியில்தான் படித்தான், இரண்டாம் வருஷம். சேர்ந்த முதல் மாசமே ஒரு சட்டம் போட்டான். “காலேஜ் கேட்டுக்குள்ள நுழைஞ்சா நீ யாரோ நான் யாரோ. சரியாம்மா? எவனாவது செய்தியம்மா பையன்னு கூப்பிட்டான்னா நான் படிப்பையே விட்டுருவேன்.”

“சரிடா சாமி,” என்று அவள் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து வராந்தாவில் எதிரே வந்தால்கூட அவன் சுவரைப் பார்ப்பான், இவள் தன் செருப்பைப் பார்ப்பாள். நல்ல குடும்பம்!

இருந்தாலும் பிள்ளை சந்தோஷமாக இருக்கிறான் என்று ஒரு நிம்மதி. போன வருஷம் ஒரு நாள், “அம்மா, சாப்பாட்டு டப்பாவைக் கொஞ்சம் பெரிசா வை. கூட்டாளிங்க எல்லாம் பாய்ஞ்சு பாய்ஞ்சு சாப்பிடறானுங்க” என்றான். அவளுக்கு வாயெல்லாம் பல். அலமாரியில் கிடந்த பெரிய டப்பாவை எடுத்துத் தேய்த்து வைத்தாள். அன்றிலிருந்து விடியும் முன்னே எழுந்து, தூக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு, யார் பெற்ற பிள்ளைகளுக்கோ சேர்த்து ஆக்கிப் போட்டாள். இடுப்பு விட்டுப்போனது. ஆனால் சாயந்திரம் டப்பா வழித்துத் துடைத்த மாதிரி திரும்பி வரும். அதைப் பார்த்தால் போதும், மறுநாளும் எழுந்துவிடுவாள்.

அப்படிப்பட்டவன்தான் ஒரு வியாழக்கிழமை காலை, ஷூ மாட்டிக்கொண்டே சொன்னான்: “அடுத்த வாரம் முடிய காலேஜுக்குப் போறேன். அதுக்கப்புறம் போகலம்மா.”

அவள் கரண்டியோடு ஓடி வந்தாள். “என்னடா சொல்ற? ஏன்?”

“சும்மாதான். பிடிக்கல.”

“படிப்பா பிடிக்கல? மார்க்கெல்லாம் நல்லாத்தானே வாங்கற!”

“பிடிக்கலைன்னா பிடிக்கலம்மா. விடேன்.”

பார்சல் வண்டி ஓட்டும் கணவர் ராத்திரி ஷிஃப்டு முடிந்து வந்து, பாதித் தூக்கத்தில் இருந்தார். “அவன் நேத்தே எங்கிட்ட சொல்லிட்டான். குடோன்ல ஆள் எடுக்கறாங்க, நானும் சொல்லி வச்சிருக்கேன். மூட்டை தூக்கட்டும், அப்ப புரியும். நீ வேணா பேசிப் பாரு” என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். பேசிப் பாராம்! கேட்டுக்கு வெளியே வாயைத் திறக்க மாட்டான், கேட்டுக்கு உள்ளே இவள் வாயைத் திறக்கக் கூடாது. எங்கே போய்ப் பேசுவது?

அன்றைக்கு அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளே தவிர, மனசு அங்கே இல்லை. விளையாட்டு மாஸ்டர் அதிசயமாக நேரத்தோடு செய்தி அனுப்பியிருந்தார். அது வந்ததையும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, குடோனில் மூட்டை தூக்கும் மகனை நினைத்தாள். மறுநாள் காலை மடல் போய்விட்டது. கால்பந்து இருக்க வேண்டிய இடத்தில், அலுத்துப்போனவர்கள் வரலாம் என்று இருந்தது.

விளையாட்டு மாஸ்டர் குதித்தார் பாருங்கள், தரையில் கால் படவில்லை. முதல்வரின் உதவியாளர் அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

“என்னம்மா இது? அலுத்துப்போனவர்கள்! காலேஜா, சத்திரமா?”

“தப்புதான் சார். திருத்தி இன்னொரு மடல் அனுப்பிடறேன்.”

“எப்படி அனுப்புவீங்க? வாரத்துக்கு ஒண்ணுக்கு மேல அனுப்பக் கூடாதுன்னு முதல்வர் உத்தரவு. பசங்க ஏற்கெனவே தொல்லைன்னு புகார் கொடுத்திருக்காங்க.” அவர் பெருமூச்சு விட்டார். “புதன்கிழமை நீங்களே அந்த ரூம்ல போய் நில்லுங்க. யாராவது வந்தா, மன்னிச்சுக்குங்க, தப்பாப் போட்டுட்டோம்னு சொல்லித் திருப்பி அனுப்புங்க. யாரு வரப்போறா!”

அவளும் அதைத்தான் நினைத்தாள். அந்த நாலைந்து நாளும் வீட்டில் மகனிடம் நயமாகக் கேட்டாள், அதட்டிக் கேட்டாள், ஒரு நாள் அழுதும் கேட்டாள். அவன் “சும்மாதான்” என்பதைத் தாண்டவில்லை. பெரிய டப்பா மட்டும் தினமும் போனது, தினமும் காலியாக வந்தது.

புதன்கிழமை கேண்டீனில் ஒரு ஃபிளாஸ்க் டீயும் கொஞ்சம் காகிதக் கோப்பைகளும் வாங்கிக்கொண்டாள். தப்போ சரியோ, டீ உண்டு என்று எழுதியாகிவிட்டது. தப்பித்தவறி ஒருத்தர் வந்தால் ஒரு வாய் கொடுத்தனுப்பலாம் இல்லையா? மாடி ஏறுவதற்குள் முட்டி கழன்றுவிட்டது. அறையில் தூசி, கால் ஆடும் நாற்காலிகள், கடகடவென்று ஒரு ஃபேன். ஒரு நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தாள். அப்பாடா என்று இருந்தது.

முதலில் ஒரு நெட்டைப் பெண் எட்டிப் பார்த்தாள். “இங்கதானே?”

“அது வந்தும்மா...” என்று இவள் ஆரம்பிப்பதற்குள், அவள் ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே, காதில் ஹெட்போன் மாட்டிய பையன் ஒருத்தன். அப்புறம், சேர்ந்து வராமல் தனித்தனியாக, இன்னும் சிலர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவள் தொண்டையைச் செருமி எழுந்து நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள்.

“பேசணும்னு கட்டாயம் இல்லதானே, மேடம்?” என்றாள் நெட்டைப் பெண். பயந்துகொண்டு கேட்டாள்.

திருப்பி அனுப்ப வந்தவள் ஃபிளாஸ்க்கை எடுத்தாள். “இல்லம்மா. ஒரு கட்டாயமும் இல்ல. டீ குடிங்க” என்றாள். உத்தரவு கிடக்கட்டும்.

கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. வாசலில் மகன்.

அவனுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. இவளுக்கு மட்டும் என்ன? டீ கோப்பையைத் தாண்டி மேஜையில் ஓடியது. அவன் ஒரு அடி பின்னால் வைத்தான். எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

“மேடம்,” என்றான் கடைசியில், “டீ மிச்சம் இருக்கா?”

“இருக்குப்பா. உக்காரு.” யாரோ ஒரு பையனிடம் சொல்கிற மாதிரியே சொன்னாள். சட்டம் சட்டம்தானே.

ஃபேன்தான் பேசிக்கொண்டிருந்தது. பிறகு நெட்டைப் பெண்ணே பொறுக்க மாட்டாமல், “நீங்கள்லாம் ஏன் வந்தீங்க?” என்றாள். ஹெட்போன் பையன் யோசித்து, “டீக்கு” என்றான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“நீங்க?” என்று நெட்டைப் பெண் மகனைக் கேட்டாள்.

“நான் இந்த வாரத்தோட நின்னுடறேன். இந்த மடல் எல்லாம் வாராவாரம் ஒரு வரி விடாமப் படிப்பேன், எங்கயும் போனதில்ல. தனியா எப்படிப் போறது? இது ஒண்ணுதான் ஆள் இல்லாதவன்கூட வரலாம்ங்கிற மாதிரி இருந்துச்சு.”

“ஏன் நிக்கறீங்க?”

அவன் அம்மாவை ஒரு தடவை பார்த்தான். அவள் ஃபிளாஸ்க் மூடியை, இறுக மூடியிருந்த மூடியையே, மேலும் திருகிக்கொண்டிருந்தாள்.

“மத்தியானம் சாப்பாட்டு மணி அடிச்சா எங்க போறதுன்னு தெரியாது. கேண்டீன்ல எல்லாம் கும்பல் கும்பலா இருக்கும். கூட உக்கார ஒருத்தன் கிடையாது. வீட்டுல நெறையக் கூட்டாளிங்க இருக்காங்கன்னு அளந்து விட்டிருக்கேன். அதனால பெரிய டப்பாவா வருது. சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னாடி ஒரு நாய் இருக்கு. அதுக்கு இப்ப நடக்கவே முடியல, அவ்வளவு கொழுத்துப்போச்சு.”

ஹெட்போன் பையன் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள், மகனும்தான். “அந்தப் பழுப்பு நாயா? நானும் அதுக்குத்தான் போடறேன்” என்றது ஒரு குரல். சிரிப்பு இன்னும் பெரிதானது.

“தண்ணி பிடிச்சிட்டு வரேன்” என்று அவள் வெளியே வந்தாள். தண்ணீராவது, மண்ணாவது. படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு அழுதாள். விடியாத பொழுதில் எழுந்தது எல்லாம் ஒரு நாய்க்கா! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வளாகத்துச் செய்தி முழுக்கத் தெரிந்தவளுக்குப் பெற்ற பிள்ளையின் செய்தி தெரியவில்லையே என்று மானக்கேடாகவும் இருந்தது. உள்ளே போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் கை பரபரத்தது. போகவில்லை. அவள் இருந்தால் அவன் மறுபடி சுவரைப் பார்ப்பான். அங்கேயே, வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு, உள்ளேயிருந்து வந்த பேச்சைக் கேட்காமலே உட்கார்ந்திருந்தாள். ஆசைப்பட்ட மாதிரியே ஆனது, அறைக்கு வெளியே.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது அவர்கள் கும்பலாகக் கதவருகே வந்தார்கள். அவள் அவசரமாகக் கண்ணைத் துடைத்து, சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முட்டி ஒத்துழைக்காமல் கைப்பிடியைப் பிடித்துத் தடுமாறினாள்.

“அம்மா, பாத்து!” என்றான் மகன்.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். “அம்மாவா?” என்றாள் நெட்டைப் பெண். “செய்தியம்மா உங்க அம்மாவா?”

அவன் முகம் சிவந்தது. சுவரைப் பார்க்கவில்லை. “ஆமா. எங்கம்மாதான்” என்று வந்து அவள் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். “சாவியைக் குடும்மா. நாங்க பூட்டிட்டு வரோம்.”

“ஐயோ, அப்ப நாய்க்கு டப்பா கட்டிக் கொடுத்தது...” என்று ஹெட்போன் பையன் வாயைப் பொத்திக்கொண்டான்.

அவள் சாவியை நீட்டினாள். என்ன கேட்பது என்று தெரியாமல், “நாளைக்கு சின்ன டப்பா போதுமாடா?” என்று கேட்டாள்.

அவன் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இல்லம்மா,” என்றான். “பெரிசே வை. திங்கக்கிழமையும்.”

நாளைக்கும் விடியும் முன்னே எழுந்தாக வேண்டும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் ஒவ்வொரு படியாக இறங்கினாள்.