ஒன்பது சிலிப்பர் கட்டைகள்

எங்கள் அப்பா கண்மூடி இன்றோடு ஓராண்டு. அவருடைய நல்ல குணங்களைப் பற்றி இரண்டு பக்கம் இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி தங்கை கேட்டாள். எழுதலாம், குறை ஒன்றும் இல்லை. ஆனால் நான் எழுத வேண்டியது வேறு.

அப்பா கிரானில் வயல்காரர் வீட்டில் பிறந்தவர். வயல் வட்டைக்குள் இறங்காமல் புகையிரதப் பாதை வேலைக்குப் போனார். வாழைச்சேனைக்கும் ஏறாவூருக்கும் இடையில் தண்டவாளத்தின் மேலேயே அவர் காலம் போனது. தண்டவாளத்தைக் குறுக்கே தாங்கும் சிலிப்பர் கட்டை உக்கி, அதை மாற்றினால், புதுக் கட்டையின் முனையில் உளியால் ஒரு சிறு கோடு போட்டு வைப்பார். பிழை வந்தால் யார் போட்ட கட்டை என்று தெரிய வேண்டுமாம்.

வீட்டிலும் பாதைக் கதைதான். வெள்ளைக்காரர் காலத்துப் பாதை மாகோவில் பிரிந்து, கல்லோயாவில் இரண்டாகி, ஒரு கிளை திருகோணமலைக்குப் போக, மற்றது பொலன்னறுவை, வெலிக்கந்தை, புனானை என்று எங்களிடம் வந்ததைச் சோறு ஆறும்வரை சொல்வார். "முதல்ல கையைக் கழுவுங்க, ரயில் நிக்கும்" என்பார் அம்மா.

சண்டையில் ரயில் நின்றது. தண்டவாளமும் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. எல்லாத் தரப்பும் எடுத்தன. கல்குடாவில் என் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. நான் ஒன்பது கட்டைகளை மாட்டுவண்டியில் கொண்டுவந்து, பங்கருக்குக் கூரையாக அடுக்கி, உள்பக்கம் ஓலை வைத்து அடைத்து, மேலே மணல் போட்டு மூடினேன். அப்பாவிடம் தென்னங்குத்தி என்று சொன்னேன். ஷெல் விழுந்த நாட்களில் என் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவர் அதற்குள் இருந்தார்.

சமாதான காலத்தில் ரயில் திரும்பவும் ஓடியது. நான் படிப்பிக்கும் பாடசாலைக்காக அப்பா பாதையின் வரலாற்றை ஒரு கொப்பியில் எழுதினார். அதில் ஒரு வரி: "பாதையில் வேலை செய்தவர் வீட்டுக்கு ஒரு கட்டையும் போகவில்லை." பிள்ளைகள் முன் அவர் அதை வாசிக்கப் பாடசாலை அதிபர் நாள் குறித்தார்.

அந்த நாளுக்கு முன் சுனாமியாகக் கடல் வந்தது. அன்று கிரானில் அப்பாவோடு இருந்ததால் நாங்கள் தப்பினோம். மூன்றாம் நாள் அவரோடு போய்ப் பார்த்தேன். வீடு இல்லை. மணலை அலை வாரிக்கொண்டு போயிருந்தது. ஒன்பது கட்டைகளும் வெளியே கிடந்தன. அப்பா குனிந்து ஒன்றின் முனையைத் தடவினார்.

"தென்னங்குத்தியா மனே?"

நான் கிணற்றடிக்குப் போய், சட்டிபானை ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று தேடினேன்.

அடுத்த கிழமை அவர் கட்டைகளை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி ரயில் ஸ்டேசனுக்குக் கொண்டுபோனார். நிவாரண முகாமில் வேலை இருப்பதாகச் சொல்லி நான் நழுவிவிட்டேன். எடுத்தது யார் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். "நான்தான். பங்கர் போட எடுத்தன்" என்றாராம். லாண்ட்மாஸ்டர்காரர் வந்து என்னிடம், "உங்கட அப்பா எடுத்திருப்பார் எண்டு ஆரும் நினைக்கல்ல சேர்" என்றார்.

அப்பா வாசிக்க வரவில்லை. "கள்ளன் எழுதினதப் பிள்ளையள் ஏன் கேக்கணும்?" என்று அதிபரைத் திருப்பி அனுப்பினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாத்தியாரின் பெயர் கெடக் கூடாது என்று அப்பா நினைத்தார். வெட்கம் கெட்ட நானும் அதையே நினைத்தேன்.

பழைய கூட்டாளிகளோடு தேத்தண்ணி குடிக்க ஸ்டேசன் பக்கம் போவதையும் அவர் விட்டுவிட்டார். யுத்தம் முடிந்ததும் அதிபர் மறுபடி கேட்டார். அதே பதில்தான்.

கடைசி நாட்களில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் அவர் காலடியில் இருந்தேன். "நான் எல்லாருக்கும் சொல்லிர்றன் அப்பா" என்றேன் ஒருநாள்.

"பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற நீ. பேசாம இரி."

எனக்கு அது வசதியாக இருந்தது. பேசாமல் இருந்தேன்.

அவரை முகம் கோணாமல் பராமரித்த தாதிமாருக்கும், கிரானிலிருந்து நாள் தவறாமல் சோறு கொண்டுவந்த மச்சானுக்கும், எதையும் மனதில் வைக்காமல் வந்து பாடை சுமந்த பாதைத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அப்பாவின் கொப்பியை அடுத்த பக்கங்களில் முழுவதுமாக அச்சிட்டிருக்கிறோம். அந்தப் பழைய வரியை வெட்டிவிட்டு, "ஒன்பது கட்டைகளை நான் எடுத்தேன்" என்று எழுதி வைத்திருந்தார். அந்த ஓர் இடத்தில் மட்டும் அவர் எழுத்தில் கை வைத்திருக்கிறேன். அங்கே இப்போது என் பெயர் இருக்கிறது.